கண்ணாடித் தொட்டியில் வந்த கவசதாரி

மாரி ஓய்ந்து வெயில் தலைகாட்டிய ஒரு மாலைப்பொழுது. நற்பிட்டிமுனையில் எமது அயல்வீட்டுச் சிறுவன் ஒருவன் இரு கைகளாலும் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு, படலையைத் தோளால் தள்ளித் திறந்து உள்ளே வந்தான். எட்டாந் தரத்தில் படிக்கும் மாணவன். வாளியின் வாயைப் பழைய துணியொன்றினால் மூடியிருந்தான். அதனைத் திண்ணையோரம் இறக்கி வைத்து மூச்சு வாங்கியபடி நின்றான்.

"சேர், இந்த மீனை ஒருக்காப் பாருங்க. மூணு வருஷத்துக்கு முந்தி வாங்கின நேரம் என்ட விரலளவுதான் இருந்திச்சு. இப்ப தொட்டிக்குள்ள திரும்பவும் இடமில்ல. உம்மா ஏசுறா. கிட்டங்கியில கொண்டு உட்டுட்டு வரட்டா?"

துணியை நீக்கிப் பார்த்தோம். கருமையும் மண்ணிறமும் கலந்த உடல். அதன்மேல் சிறுத்தையின் புள்ளிகள் போன்ற கோலம். முதுகிலே பாய்மரம் விரித்தாற்போன்ற பெரிய செட்டை. தலை முதல் வால் வரை அடுக்கடுக்கான எலும்புத் தகடுகள். வாளியின் அடியில் வாயைப் பதித்துக்கொண்டு அது அசையாமல் கிடந்தது. ஒரு முழத்துக்குச் சற்றே குறைவான நீளம் இருக்கலாம்.

"கொஞ்சம் பொறு மகன். முதல்ல இரு. இது ஆரெண்டு தெரிஞ்சிக்கிட்டுப் பிறகு முடிவெடுப்பம்" என்றோம்.

அன்று அந்தச் சிறுவனுக்குச் சொன்னவற்றையே இன்று வாசக நேயர்களுக்கும் சொல்ல விரும்புகிறோம். வீட்டிலே கண்ணாடித் தொட்டி வைத்திருக்கும் குடும்பங்கள் இப்பொழுது நம்மூர்களிலும் பல உள. இச்செய்தி அவர்கள் எல்லோருக்கும் உரியது.

கவசம் பூண்ட கெளுத்தி

நமது குளங்களிலும் வாய்க்கால்களிலும் வாழும் கெளுத்தியையும் சுங்கானையும் வாளையையும் அறியாதார் இலர். இவற்றின் உடலில் செதில் கிடையாது. வழுவழுப்பான தோலும் வாயோரத்து மீசையுமே இவற்றின் அடையாளங்கள். வாளியில் வந்த மீனும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததுதான். அதற்கும் வாயோரத்தில் சிறு மீசை உண்டு. ஆயின், நமது கெளுத்தி வெறுந்தோலுடன் திரிய, இதுவோ போர்வீரன் போலக் கவசம் அணிந்திருக்கிறது. அக்கவசம் செதிலன்று, தோலிலே விளைந்த எலும்பு. அத்தகடுகளின் மேற்புறத்தில் பற்களின் அமைப்பையொத்த நுண்ணிய முட்களும் உண்டு. வாலிலிருந்து தலைப்பக்கமாகக் கையால் தடவினால் அரம்போல உராய்வது இவற்றினாலேதான்.

இம்மீன்களின் குடும்பத்துக்கு விலங்கியலாளர் இட்ட பெயர் 'லோரிக்காரிடே' என்பது. உரோமப் படைவீரர் மார்பில் அணிந்த கவசத்துக்கு இலத்தீன் மொழியில் 'லோரிக்கா' என்று பெயர். அதிலிருந்து பிறந்தது இப்பெயர். தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட இக்குடும்பமே கெளுத்திக் குலத்தின் மிகப் பெரிய குடும்பமாகும். தென்னமெரிக்காவும், அதனையடுத்த மத்திய அமெரிக்காவின் தென்பகுதியுமே இவற்றின் சொந்த நாடு.

உயிரினங்களுக்கெல்லாம் ஒழுங்காகப் பெயரிட்ட சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசையே இக்குடும்பம் ஏமாற்றியிருக்கிறது. 1758ஆம் ஆண்டில் இக்குடும்பத்து மீனொன்றுக்குப் பெயர் சூட்டியபோது, அதன் எலும்புத் தகடுகளைக் கண்டு, ஐரோப்பிய ஆறுகளில் வாழும் 'ஸ்டேர்ஜன்' என்னும் மீனின் இனத்தோடு அதனைச் சேர்த்துவிட்டார். கவசம் ஒன்றாயிருந்ததனால் குலமும் ஒன்றென்று எண்ணிவிட்டார் போலும்! பின்வந்தோர் அப்பிழையைத் திருத்தினர்.

நம் நாட்டு நீர்நிலைகளிற் காணப்படுவது இக்குடும்பத்தின் 'டெரிகொப்ளிக்திஸ்' என்னும் பிரிவைச் சேர்ந்தது. செட்டை, கவசம், மீன் என்று பொருள்படும் மூன்று கிரேக்கச் சொற்களின் கூட்டே இந்நீண்ட பெயர். இப்பிரிவின் 'பார்டாலிஸ்' என்னும் இனத்தை 1855இல் கஸ்தெல்னோ என்ற பிரெஞ்சு யாத்திரிகர் உலகுக்கு அறிவித்தார். 'பார்டாலிஸ்' என்பது சிறுத்தையைக் குறிக்கும் சொல். கடைக்காரரோ இவ்வளவு தொல்லைப்படுவதில்லை. 'டேங்க் கிளீனர்' என்று சொல்லி விற்றுவிடுகிறார்.

வயிற்றால் மூச்சு விடும் மீன்

அமேசன் நதியின் வாழ்வு நமது மாரியையும் கோடையையும் போன்றதே. ஆனால் அளவிலே மிகப் பெரிது. மழைக்காலத்தில் ஆறு கரைபுரண்டு காட்டுக்குள் நெடுந்தூரம் புகுந்துவிடும். வெயிற்காலத்தில் நீர் வடிந்து, எஞ்சிய குட்டைகள் சூடேறி நாற்றமெடுக்கும். அவ்விடத்திற் பிழைக்கவேண்டிய மீனுக்கு அதற்கேற்ற உறுப்புகள் வேண்டுமல்லவா?

இம்மீனின் வாய் தலையின் அடிப்புறத்தில், உறிஞ்சும் கிண்ணம் போல அமைந்திருக்கிறது. ஓடும் நீரிலும் கல்லிலோ மரத்திலோ இதனாற் பற்றிக்கொள்ளும். தூரிகை மயிர் போன்ற நுண்பற்களால் பாசியையும் அழுகிய இலைதழைகளையும் சுரண்டித் தின்னும். சத்துக் குறைந்த அவ்வுணவிலிருந்து பயன் பெறுவதற்காக இதன் குடல் மிக நீண்டு, மணிக்கூட்டுச் சுருள்வில்லைப் போலச் சுருண்டு கிடக்கிறது.

நீரிலே பிராணவாயு குறையும்போது இம்மீன் மேலே வந்து காற்றை விழுங்கும். இரத்தக் குழாய்கள் நிறைந்த அதன் இரைப்பை, சுவாசப்பையின் தொழிலையும் செய்கிறது. வயிற்றாலே மூச்சு விடும் மீன் என்றால் வியப்பாக இல்லையா? இவ்வசதியினால், உடல் ஈரமாக இருந்தால், நீருக்கு வெளியே இருபது மணித்தியாலம் வரையிற்கூட உயிரோடிருக்கும் என்று அறிந்திருக்கிறார்கள். கண்ணிலும் ஒரு விந்தை. வெளிச்சம் மிகும்போது கருவிழியின் மேலிருந்து ஒரு சிறு மடல் இறங்கி, வெயிலுக்குத் தட்டி கட்டியதுபோலப் பார்வையை மறைத்துக் காக்கும்.

இனப்பெருக்கக் காலத்திலே ஆண்மீன் ஆற்றங்கரையின் மண்ணைக் குடைந்து கிடையாக ஒரு வளை அமைக்கும். அவ்வளை மூன்று நான்கு அடி ஆழம் வரை செல்வதுண்டு. பெண்மீன் அதனுள் நூற்றுக்கணக்கில், சில வேளைகளில் ஆயிரக்கணக்கில், முட்டையிடும். குஞ்சுகள் வெளிவரும்வரை தந்தை மீன் வாசலிலே காவல் கிடக்கும். தந்தையின் இக்காவலினாலே முட்டைகளிற் பெரும்பகுதி தப்பிவிடுகிறது.

இதையெல்லாம் கேட்ட சிறுவன், "நல்ல மீன்தானே சேர்?" என்றான்.

நல்ல மீன்தான். அதன் ஊரில் அதற்கு ஒரு குறையும் கிடையாது. அமேசன் கரையில் அதனை 'அக்காரி' என்றும் 'போதோ' என்றும் அழைத்து, கவசத்தோடு தீயிலே வாட்டி உண்கிறார்கள். அதனைக் காயவைத்து இடித்து, 'பிராக்குயி' என்னும் மீன்மா செய்து சேமிக்கிறார்கள். முதலை இனங்களும் பெரிய மீன்களும் நீர்நாய்களும் அதனை வேட்டையாடுகின்றன. மனிதனும் மிருகமும் எடுத்ததுபோக எஞ்சியதே அங்கு வாழ்கிறது. ஆகவே அது பெருகி எதனையும் மூடிவிடுவதில்லை.

வாளி வழியே உலகம் சுற்றிய மீன்

தொட்டியின் கண்ணாடியிற் படரும் பாசியைத் தின்பதனால் இம்மீன் வளர்ப்பாளருக்குப் பிரியமானதாயிற்று. இரண்டு அங்குலக் குஞ்சாக அதனைப் பொலித்தீன் பையில் இட்டு உலகமெங்கும் விற்றார்கள். வாங்குபவருக்குத் தெரியாத சங்கதி, அக்குஞ்சு ஒரு முழத்துக்கும் மேலாக வளரும் என்பதும், பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும் என்பதுமாகும். அது தொட்டியைத் துப்புரவாக்கும் என்பதும் அரைகுறை உண்மையே. பாசியைத் தின்னும் மீன் அதனைவிட அதிகமான கழிவை அதே தொட்டியில் விடுகிறது!

வளர்ந்த மீனைக் கொல்ல மனம் வராது. வைத்திருக்க இடம் இராது. எனவே, வாளியிலே தூக்கிச்சென்று அருகிலுள்ள ஆற்றில் விட்டார்கள். வளர்ப்புப் பண்ணைகளிலிருந்தும் வெள்ளத்தில் தப்பின. அமெரிக்காவின் புளோரிடாவில் இவை பெருகிக் கால்வாய்க் கரைகளையும் ஏரிக்கரைகளையும் வளைகளாற் சல்லடையாக்கின. புவேர்ட்டோ ரிக்கோத் தீவிலே, இம்மீனை விழுங்கிய கூழைக்கடாப் பறவைகள் அதன் விறைத்த முட்கள் தொண்டையிற் சிக்கி மாண்டன. மெக்சிக்கோவில், 'சிறுநரகம்' என்று பொருள்படும் 'இன்பியர்னியோ' என்னும் பெயருடைய நீர்த்தேக்கம் ஒன்று உண்டு. திலாப்பியா மீனுக்குப் பெயர்போன இடம் அது. இந்தக் கவசமீன் புகுந்தபின் அங்குள்ள மீனவரின் வலைகளில் விலைபோகும் மீன் அருகி, இதுவே மிகுந்தது. முட்கள் வலையைக் கிழித்தன. அந்நாட்டு மீனவர் இதற்கு வைத்த பெயர் 'பிசாசு மீன்'.

ஆசியாவிலும் கதை வேறன்று. பிலிப்பைன்சிலும் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இது குடியேறிவிட்டது. இந்தியாவிலே திருவனந்தபுரத்துக் கால்வாயிலும், கொல்கத்தாவின் கிழக்குச் சதுப்பு நிலங்களிலும், தமிழ்நாட்டின் நீர்நிலைகளிலும் பதிவாகியுள்ளது. ஆந்திர மீனவரும் இதனைப் பிசாசு மீன் என்றே ஏசுகிறார்கள். பங்களாதேசம் 2023இல் இம்மீனைத் தடைசெய்தது.

இனி, நமது நாட்டுக்கு வருவோம். விக்டோரியா நீர்த்தேக்கத்திலும் கலாவெவவிலும் பிடிபட்ட இம்மீன்களின் உணவைப்பற்றி நம் நாட்டு ஆராய்ச்சியாளர் 2008இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். பொல்கொல்லை நீர்த்தேக்கத்தில் இவை வளர்ந்து பெருகும் விதத்தை வேறு ஆராய்ச்சியாளர் 2013இல் ஆராய்ந்து எழுதினர். இவ்விடங்களைத் தேசப்படத்தில் வைத்துப் பாருங்கள். பொல்கொல்லையும் விக்டோரியாவும் மகாவலி கங்கையில் உள்ளன. பொல்கொல்லையில் திருப்பப்படும் மகாவலி நீர் மலைக்குள்ளே சுரங்கவழியாகச் சென்று, ஈற்றிலே கலாவெவவையும் சேர்கிறது. மன்னன் தாதுசேனன் ஐந்தாம் நூற்றாண்டிற் கட்டிய அக்குளத்துக்கு, இருபதாம் நூற்றாண்டின் கால்வாய் புதுநீர் கொண்டுவந்தது. நீர்நிலைகளை ஒன்றோடொன்று இணைக்கும் கால்வாய் பயிருக்கு மாத்திரம் வழியன்று. மீனுக்கும் அது வழியே.

கிட்டங்கியின் பாடம்

"அதெல்லாம் பெரிய குளம் சேர். நான் உடப்போறது ஒரு மீன்தானே? அடைச்சு வெச்சிருக்கிறதுதான் பாவம்."

சிறுவனின் இக்கேள்வியை நாம் இலேசாகத் தள்ளிவிடவில்லை. மூன்று ஆண்டுகள் தன் கையால் இரை போட்டு வளர்த்த பிராணியின்மேல் அவனுக்குள்ள இரக்கம் உண்மையானது. உலகில் இம்மீனை ஆற்றில் விட்டவர்களிற் பலர் கெட்டவர்களல்லர், அவனைப்போல இரங்கியவர்களே. அவர்கள் ஒவ்வொருவரும் 'ஒரு மீன்தானே' என்றுதான் எண்ணியிருப்பார்கள்.

"மகன், கிட்டங்கிப் பாலத்தடியில ஆற்றுவாழை அடைச்சுக் கிடந்ததைக் கண்டிருக்கிறாயா?" என்று கேட்டோம்.

"ஓம் சேர். தோணிகூடப் போக ஏலாம இருந்திச்சு."

ஊதாநிறப் பூவோடு மிதக்கும் அந்த ஆற்றுவாழையும் அமேசன் நாட்டிலிருந்து வந்ததே. பூவின் அழகுக்காகவே அதனை நாடுநாடாகக் கொண்டுசென்றார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது இலங்கைக்கும் வந்தது. அது பெருகிய வேகத்தைக் கண்டு, அதனை ஒழிப்பதற்கென்றே 1909இல் தனிச்சட்டம் இயற்றவேண்டியதாயிற்று. சட்டம் வந்து நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆற்றுவாழை இன்னும் நம்மைவிட்டுப் போகவில்லை. ஆயினும், அது நீரின் மேலே மிதப்பது, கண்ணுக்குத் தெரிவது, கையால் இழுத்துக் கரையிற் போடக்கூடியது. நீரின் அடியிலே ஒளிந்து, கரைக்குள் வளை தோண்டி வாழும் ஒரு மீனை எவ்வாறு இழுத்துப் போடுவது?

நமது பிரதேசத்தின் அமைப்பையும் எண்ணிப்பார்க்க வேண்டும். கிழக்கே கடல், மேற்கே வயல், வயலுக்கும் ஊருக்கும் இடையே மட்டக்களப்பு வாவியின் தென்கோடி. 1949இல் வேலை தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீர், இங்கினியாகலையிலிருந்து வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து வருகிறது. அவ்வாய்க்கால்களின் கரைகளிற் பெரும்பாலானவை மண்ணே. குளக்கட்டும் மண்ணே. வயல் வரம்பும் மண்ணே. நண்டு துளைத்த வரம்பினால் ஓர் இரவிலே வயல்நீர் முழுவதும் வடிந்துபோனதைக் காணாத விவசாயி இவ்வூரில் உண்டா? நண்டின் வளை விரலளவு. இம்மீனின் வளை கைபுகும் அளவு. அத்தகைய வளைகள் ஒரு வாய்க்காற் கரையில் நிரைநிரையாகத் தோன்றினால் வட்டவிதானையின் பாடும் விவசாயியின் பாடும் என்னாகும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

மாரியிலே கிட்டங்கித் தாம்போதியை மூடி வெள்ளம் பாயும்போது குளம், வாய்க்கால், வயல், வாவி எல்லாம் ஒரே நீராகிவிடும். அன்று எந்த மீனுக்கும் எல்லை கிடையாது. வாவியின் உவர் இதனைத் தடுக்கும் என்று எண்ணவும் இயலாது. இலேசான உவர்நீரை இம்மீன் தாங்கும் என்று மெக்சிக்கோவில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. வீச்சுவலையோடும் தோணியோடும் அன்றாடம் பிழைக்கும் குடும்பங்கள் தமிழரிலும் முஸ்லிம்களிலும் இவ்வாவிக்கரையில் எத்தனையோ உள. ஒரு நல்ல வலையின் விலை என்னவென்பது அவர்களுக்குத்தான் தெரியும். வலையைக் கிழித்துக்கொண்டு வரும் மீனுக்குச் சந்தையிலே விலையும் இல்லையென்றால், அன்று அவ்வீட்டு அடுப்பு எவ்வாறு எரியும்?

இவ்வளவுக்கும் அம்மீன் செய்த குற்றம் ஒன்றுமில்லை. அது தன் இயல்பின்படி தின்கிறது, தோண்டுகிறது, தன் குஞ்சைக் காக்கிறது. இடம் மாற்றியவன் மனிதன். எனவே பொறுப்பும் மனிதனுடையதே.

செய்யவேண்டியது யாது?

வாங்குமுன் கேட்பதே முதற்காரியம். 'இது எவ்வளவு வளரும்? எத்தனை ஆண்டு வாழும்?' என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் எந்த உயிரையும் வீட்டுக்குக் கொண்டுவரலாகாது. கண்ணாடியிற் பாசி பிடித்தால் ஒரு பஞ்சினாலே துடைத்துவிடலாம். அதற்கென ஓர் அமேசன் பிராணி வேண்டியதில்லை.

வாங்கி வளர்த்துவிட்டவர்கள், பெரிய தொட்டி உள்ளவரிடம் அதனைக் கொடுக்கலாம். அலங்கார மீன் விற்பவரிடம் திருப்பிக் கொடுக்கலாம். எவ்வழியும் இல்லையாயின் நீருயிரின வளர்ப்பைப்பற்றி அறிந்த உத்தியோகத்தரிடம் ஆலோசனை பெறலாம். ஆறு, குளம், வாய்க்கால், கிணறு, வடிகான் ஆகிய எதிலும் விடலாகாது. செத்துவிட்டதென்று எண்ணி வடிகானில் எறிவதும் ஆகாது. வயிற்றால் மூச்சு விடும் மீன் அவ்வளவு எளிதிற் சாவதில்லை.

வலையிலே இம்மீன் அகப்பட்டால் பாவமென்று திரும்ப நீரில் விடாமல், கரையேற்றிவிட வேண்டும். பிடித்த இடத்தையும் நாளையும் குறித்து மீன்பிடி உத்தியோகத்தருக்கு அறிவித்தல் நன்று. எங்கே வந்துவிட்டது என்பதை அறிந்தாலன்றி எங்கே தடுப்பது என்பதை அறிய முடியாது. இதனை உண்ணலாமா என்று சிலர் கேட்பர். அமேசன் மக்கள் உண்பதை மேலே சொன்னோம். ஆயினும், அழுக்கான நீரின் அடிச்சேற்றைச் சுரண்டி வளர்ந்த மீனில் ஈயம் முதலிய உலோகங்கள் சேர்ந்திருக்கக்கூடும். ஆதலால் பட்டினத்து வடிகான்களிலும் கால்வாய்களிலும் பிடித்ததை உண்ணாதிருப்பதே அறிவுடைமை.

மாணவச் செல்வங்களே! இலங்கையின் நன்னீரில் வாழும் மீன்களுள் ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உலகில் வேறெங்கும் காணப்படாதவை. அவற்றிற் சில ஒரு சிற்றாற்றிலே மாத்திரம் வாழ்பவை. வெளியிலிருந்து வரும் ஒரு முரட்டு விருந்தாளி அவற்றின் உணவையும் உறைவிடத்தையும் பறித்துக்கொண்டால், அவை ஒதுங்கிச் செல்வதற்கு வேறு நாடு கிடையாது. ஓர் உயிரிடம் காட்டும் இரக்கம் இன்னோர் உயிரின் வீட்டைப் பறிப்பதாக அமையலாகாது.

எல்லாவற்றையும் கேட்டபின் சிறுவன் நெடுநேரம் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப இதை என்ன செய்யிற சேர்?" என்று மெல்லக் கேட்டான். கேட்கும்போது கண் கலங்கியிருந்தது.

எமது வீட்டின் பின்புறத்தில், வீடு கட்டிய காலத்திலே நீர் சேமிக்கக் கட்டிய சீமெந்துத் தொட்டியொன்று வெறுமையாகக் கிடந்தது. வெள்ளம் ஏறாத உயரமான மேடையில் உள்ள தொட்டி. அன்று மாலையே இருவருமாக அதனைக் கழுவி நீர் நிறைத்தோம். மறுநாள் அவனுடைய வாப்பா கம்பிவலை கொண்டுவந்து மேலே இறுகக் கட்டினார். கவசதாரி இப்பொழுது அதற்குள்ளே வாழ்கிறது. பாடசாலை விட்டு வந்ததும் சிறுவன் பூசணித் துண்டோ கீரையோ எடுத்துக்கொண்டு வந்துவிடுவான்.

சென்ற வாரம் அவனுடைய நண்பர்கள் இருவர் கூட வந்திருந்தனர். அவர்களுள் ஒருவனுடைய வீட்டிலும் இதே மீன் விரலளவிலே இருக்கிறதாம். நமது சிறுவன் அவனைத் தொட்டியருகே அழைத்துச்சென்று, வலையினூடே உள்ளே காட்டி, "நல்லாப் பாருடா. உன்ட மீனும் இவ்வளவு வரும். பெருத்த பிறகு கிட்டங்கியில கொண்டு உட்டுடாத" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.